பழைய போர்ஷே 911 வாங்கப் போறீங்களா? பயப்பட வேண்டியது அந்த பேரிங்குக்கு மட்டும் இல்ல

1.
அமெரிக்கா, கனடாவுல இருக்குற நம்ம பசங்க மாசத்துக்கு ஒருத்தராவது இன்பாக்ஸ்ல வந்து கேக்குறாங்க. "டாக்டர், 2001 மாடல் 911 ஒண்ணு நல்ல விலைக்கு வருது. வாங்கலாமா?"
நான் அரசு மருத்துவமனை டாக்டர். மெக்கானிக் இல்ல, வெறும் கார் பைத்தியம். ஆனா இந்தக் கேள்விக்கு என்கிட்ட ஒரு பதில் இருக்கு. அந்தப் பதிலுக்கு என் சித்தப்பா பையன் கொடுத்த விலை ஏறக்குறைய 22,600 டாலர். அதுல என் பங்கும் உண்டு. அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

2.
முடிவை முதல்லயே சொல்லிடுறேன். அவசரத்துல இருக்குறவங்க இதோட கிளம்பிடலாம்.
பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குறது தப்பு இல்ல. அதோட பேரைக் கெடுத்த ஒரே ஒரு வியாதியை மட்டும் பார்த்துட்டு, மத்ததை எல்லாம் "சின்ன விஷயம்"னு விடுறதுதான் தப்பு. 20 வருஷம் ஆன வண்டியைப் பெரும்பாலும் படுக்க வைக்கிறது அந்தச் சின்ன விஷயங்கள்தான்.

3.
நான் சொல்றது 996ன்னு கூப்பிடுற 911. 1997ல வந்துச்சு, 2004-05 வரைக்கும் வித்தாங்க. அதுவரைக்கும் முப்பது வருஷத்துக்கு மேல 911 இன்ஜினைக் காத்துதான் குளிர வச்சுது. இதுலதான் முதல் தடவையா தண்ணி, அதாவது கூலன்ட், வந்துச்சு. இந்த ஒரு வரியை ஞாபகம் வச்சுக்கோங்க. த்ரெட்டோட பாதி இதுலதான் இருக்கு.

4.
ரசிகர்களுக்கு இந்த மாடலை ஆரம்பத்துல இருந்தே பிடிக்கல. காத்துல குளிருற இன்ஜின் போச்சேன்னு ஒரு கோவம். முன்னாடி விளக்கு உடைஞ்ச முட்டை ஆம்லெட் மாதிரி இருக்குன்னு ஒரு கிண்டல். அதை விட விலை குறைஞ்ச பாக்ஸ்டர் காரோட முன்பக்கமும் இதுவும் ஒண்ணுன்னு ஒரு வருத்தம். இதெல்லாம் சேர்ந்து பல வருஷம் இதுதான் விலை குறைஞ்ச 911.
1999ல அமெரிக்காவுல புதுசா சுமார் 65,000 டாலர். அப்புறம் ஒரு காலத்துல 20,000க்குக் கீழகூட கிடைச்சுது.

5.
இங்கதான் முதல் கண்ணி.
வண்டி விலை 65,000ல இருந்து 20,000க்கு இறங்கிடுச்சு. ஆனா அதோட உதிரி பாகமும் லேபரும் இறங்கல. அதுங்களுக்கு இது இன்னைக்கும் 65,000 டாலர் வண்டிதான். வருஷா வருஷம் ஏறத்தான் செய்யும். நீங்க கொடுக்குறது பழைய கார் விலை. கட்டப் போறது புது போர்ஷேயோட பில்லு.

6.
இப்ப பேர் போன அந்த வியாதிக்கு வருவோம். ஐ.எம்.எஸ். பேரிங்.
இன்ஜினுக்குள்ள இன்டர்மீடியட் ஷாஃப்ட்னு ஒரு தண்டு இருக்கு. கிராங்க் ஷாஃப்ட்டோட சுழற்சியை வாங்கி, செயின் மூலமா கேம் ஷாஃப்ட்டுகளுக்குக் கொடுக்குறது அதோட வேலை. அந்தத் தண்டோட ஒரு முனையைத் தாங்குறது ஒரு சின்ன பால் பேரிங். ரெண்டு பக்கமும் சீல் பண்ணி, உள்ள கிரீஸ் போட்டு வச்ச பேரிங்.

7.
காலப்போக்குல சீல் தளரும். இன்ஜின் ஆயில் உள்ள கசிஞ்சு கிரீஸைக் கழுவிடும். ஆனா நல்லா உயவு கொடுக்குற அளவுக்கு ஆயில் உள்ள ஓடாது. பேரிங் தேய்ஞ்சு உடைஞ்சா தண்டு ஆடும், செயின் டைமிங் தப்பும், வால்வும் பிஸ்டனும் மோதும். இன்ஜின் முடிஞ்சது. முன்கூட்டியே ஒரு சத்தம்கூட வராமப் போகலாம்.

8.
இதுக்காக அமெரிக்காவுல வழக்கே நடந்துச்சு. 2013ல சமரசம் ஆச்சு. 2001 மே மாசத்துல இருந்து 2005 பிப்ரவரி வரைக்கும் தயாரான 911, பாக்ஸ்டர் வண்டிகள் அதுல வந்துச்சு. ஆனா வண்டி முதல்ல ரோட்டுக்கு வந்து 10 வருஷத்துக்குள்ள இருக்கணும்னு நிபந்தனை. அதனால இன்னைக்கு வாங்குற உங்களுக்கு அதால ஒரு பைசா பிரயோஜனம் இல்ல.

9.
அந்த வழக்குல வெளிவந்ததுன்னு எல்லாரும் சொல்ற எண்: ஆரம்ப கால ரெட்டை வரிசை பேரிங்ல சுமார் 1 சதவீதம், அப்புறம் வந்த ஒத்தை வரிசை பேரிங்ல சுமார் 8 சதவீதம் பழுது. 2006ல பெரிய பேரிங் போட்டாங்க. அது உறுதியானது, ஆனா இன்ஜினைப் பிளக்காம வெளிய எடுக்க முடியாது. 2009 மாடல்ல வந்த புது இன்ஜின்ல இந்தத் தண்டே கிடையாது.
டர்போ, ஜிடி3 ரெண்டுக்கும் வேற இன்ஜின். அதுகளுக்கு இந்தப் பிரச்சினை இல்ல.

10.
8 சதவீதம்ங்கிறது கம்மியா, அதிகமா? எங்க வார்டுல தினமும் பேசுற கேள்வி இது. நூத்துல எட்டு பேருக்கு வரும்னு சொன்னா ஒருத்தர் "எட்டுதானே"ங்கிறார். இன்னொருத்தருக்கு அன்னைக்குத் தூக்கம் போயிடுது.
ரெண்டு பேரும் பார்க்க மறக்குறது ஒண்ணுதான்: வந்தா என்ன ஆகும்? தடுக்க எவ்வளவு ஆகும்? இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்க்காம வெறும் சதவீதத்துக்கு அர்த்தம் இல்ல.

11.
இங்க கணக்கு சுலபம். கிளட்ச் மாத்தணும்னா கியர்பாக்ஸை இறக்கியே ஆகணும். இறக்கிட்டா அந்த பேரிங் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கும். பக்கத்துலயே ஆயில் கசியுற ரியர் மெயின் சீலும் இருக்கும். மூணையும் ஒரே தடவையில பண்ணினா பெரிய டீலர் இல்லாத தனி ஒர்க்ஷாப்புல 3,000ல இருந்து 5,000 டாலர் வரைக்கும் ஆகும். ஊருக்கு ஊர் மாறும்.
பித்தப்பைக் கல்லுக்காக வயித்தைத் திறந்தாச்சு. பக்கத்துலயே இன்னொரு கோளாறு தெரியுது. மூடிட்டு அடுத்த வருஷம் திரும்பத் திறப்பீங்களா?

12.
ஆக ஐ.எம்.எஸ். பத்தி என் கருத்து: உண்மையான வியாதி, பயங்கரமான வியாதி, ஆனா தடுப்பு உள்ள வியாதி. ஒரு தடவை நல்ல பேரிங் போட்டு, பில்லை பத்திரமா வச்சு, அந்த பேரிங் பண்ணினவங்க சொல்ற கெடுவுல திரும்ப மாத்திக்கிட்டா ஓட்டலாம்.
இது தெரிஞ்சதாலதான் நானும் என் தம்பியும் ஏமாந்தோம்.

13.
கதை 2000ல ஆரம்பிக்குது. அந்த வருஷம் நீட் ஃபார் ஸ்பீடு கேம்ல முழுக்க முழுக்க போர்ஷே கார் மட்டும் வச்சு ஒண்ணு வந்துச்சு. எனக்குப் பதினொண்ணு, அவனுக்கு எட்டு. எங்க அத்தை வீட்டு கம்ப்யூட்டர்ல, யாரோ எழுதிக் கொடுத்த சிடியில அதை ஆடுவோம். அதுல அப்போதைய புது 911தான் இந்த 996. கீபோர்டுல அம்புக்குறி பட்டன் தேயுற வரைக்கும் ஓட்டினோம்.
நான் டாக்டர் ஆகி அரசு வேலைக்கு வந்தேன். அவன் நியூ ஜெர்சி போனான்.

14.
நாலு வருஷம் முன்னாடி ஒரு நாள் நைட் டூட்டியில இருக்கும்போது போட்டோ அனுப்பினான். 2002 கரேரா. வெள்ளி நிறம். 24,000 டாலர்.
"ண்ணா, இது அதேதான்."
நானும் குதிச்சேன். மறைக்க விரும்பல. டூட்டி ரூம்ல உக்காந்து அந்த போட்டோவைப் பெருசு பண்ணி பெருசு பண்ணிப் பார்த்தேன்.

15.
நான் கேட்ட முதல் கேள்வி: "ஐ.எம்.எஸ். மாத்தியிருக்கா?" "இல்லண்ணா. வாங்கினதும் மாத்திடுறேன், காசு எடுத்து வச்சிருக்கேன்."
"அப்ப பயமில்ல"ன்னேன்.
வேற எதுவும் கேக்கல. சர்வீஸ் பில்லு இருக்கான்னு கேக்கல. வாங்குறதுக்கு முன்னாடி ஒரு ஒர்க்ஷாப்புல கொடுத்துச் சோதிச்சியான்னு கேக்கல. 300-500 டாலர்ல முடியுற சோதனை. வார்டுல ஒரு ஹவுஸ் சர்ஜன் இப்படி ஹிஸ்டரி எடுத்திருந்தா திட்டியிருப்பேன்.

16.
வித்தவர் சொன்னதா அவன் பெருமையா சொன்னது: "ரொம்ப கம்மியா ஓடின வண்டி. வருஷத்துல ரெண்டாயிரம் மைல் கூட ஓட்டல. கராஜ்லயே இருந்துச்சு."
கேக்க நல்லா இருக்கும். ஆனா மாசக்கணக்குல படுக்கையிலயே கிடந்த நோயாளியை நாங்க "நல்லா ரெஸ்ட் எடுத்திருக்கார்"னு சொல்ல மாட்டோம். காலைத் தொட்டுப் பார்ப்போம், முதுகைத் திருப்பிப் பார்ப்போம். வண்டியும் அப்படித்தான். ஓடாத வண்டியில சீல் காயும், ரப்பர் வெடிக்கும், ஆயில் உள்ளேயே கெட்டுப் போகும்.

17.
முதல் மாசம் டயர். பார்வைக்குப் பட்டன் நல்லா இருந்துச்சு. ஆனா டயர் பக்கவாட்டுல டாட்னு ஆரம்பிக்கிற எண்ணோட கடைசி நாலு இலக்கம் 3409. அதாவது 2009ஆம் வருஷத்தோட 34ஆவது வாரம் தயாரானது. பன்னெண்டு வருஷ டயர். மருந்துல எக்ஸ்பைரி பார்க்குற மாதிரி இதை யாரும் பார்க்குறது இல்ல. நாலும் மாத்த 1,150 டாலர்.

18.
ரெண்டாவது மாசம் சொன்னபடி கிளட்ச், ஐ.எம்.எஸ். பேரிங், ரியர் மெயின் சீல். 3,600 டாலர். பழைய பேரிங்கைக் கையில வச்சு செல்ஃபி எடுத்து அனுப்பினான். "ண்ணா, கண்டம் தாண்டிட்டோம்."

19.
அஞ்சாவது மாசம் காலையில ஸ்டார்ட் பண்ணினா பின்னாடி வெள்ளைப் புகை. தெருவே மறையுற அளவுக்கு. இன்ஜின் போச்சுன்னு அழுகாத குறை.
அது ஏர்-ஆயில் செபரேட்டர். இன்ஜினுக்குள்ள உண்டாகுற ஆவியில இருந்து ஆயிலைப் பிரிச்சுத் திருப்பி அனுப்புற பிளாஸ்டிக் டப்பா. உள்ள இருக்குற மெல்லிய ரப்பர் திரை கிழிஞ்சா ஆயில் நேரா காத்து போற வழியில போய் எரியும். இந்த வண்டிகள்ல சர்வசாதாரணம். 900 டாலர்.

20.
அப்போ அந்த ஒர்க்ஷாப் மெக்கானிக் பில்லுக்குக் கீழ ரெண்டு வரி எழுதிக் கொடுத்திருக்கார். வாட்டர் பம்ப் பழசு, மாத்தவும். கூலன்ட் டேங்க்ல விரிசல் கறை தெரியுது, மாத்தவும். ரெண்டும் சேர்த்து 1,500 டாலர்.
என் தம்பி அந்தத் தாளை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். "ண்ணா, அவசரமா?"

21.
அதுக்குள்ள அவன் கைக்காசு காலி. கடன் அட்டையில ஓடிட்டு இருந்தான். வீட்டுல சொல்லல.
நான் எழுதின பதில் இன்னும் என் போன்ல இருக்கு: "பெரிய ஆபரேஷன் முடிஞ்சுடுச்சு. இதெல்லாம் மெயின்டனன்ஸ். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் டா."

22.
தலைவலின்னு வர்ற பலருக்கு ஒரே பயம்: மூளையில கட்டி இருக்குமோ? ஸ்கேன் எழுதிக் கொடுங்கன்னு நிப்பாங்க. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னதும் சந்தோஷமா கிளம்புவாங்க. "பிபி 170 இருக்கு, மாத்திரை போடணும்"னு பின்னாடியே கத்தினாலும் காதுல விழாது. பெரிய பயம் நீங்கின சந்தோஷத்துல சின்ன பயம் தெரியாது.
இதைத் தினமும் பார்க்குற நான்தான் அந்த மெசேஜ் அனுப்பினேன்.

23.
இந்த இன்ஜின் தண்ணியில குளிருறதுன்னு சொன்னேன்ல. இன்ஜின் பின்னாடி, ரேடியேட்டர்கள் முன்னாடி பம்பருக்குள்ள. கூலன்ட் வண்டியோட முழு நீளத்துக்கும் போய் வரணும். அந்தப் பயணத்தைத் தள்ளி விடுறது வாட்டர் பம்ப். அதோட விசிறி பிளாஸ்டிக். இருபது வருஷம் சூட்டுலயும் குளிர்லயும் கிடந்த பிளாஸ்டிக் மொறுமொறுன்னு ஆகிடும். இதுல எந்தக் கம்பெனியையும் குத்தம் சொல்ல முடியாது. பிளாஸ்டிக்கோட ஆயுசு அவ்வளவுதான்.

24.
அதே மாதிரி கூலன்ட் டேங்க். அதுவும் பிளாஸ்டிக், அதுவும் விரிசல் விடும். முன்னாடி ரேடியேட்டர் வாய்ல இலை தழை சேர்ந்து ஈரத்துல அரிக்கும், ஏசி கன்டென்சரும் சேர்ந்து போகும்.
ஐ.எம்.எஸ். பிரச்சினை இல்லாத டர்போ, ஜிடி3 வண்டிகள்லயும் கூலன்ட் பைப்பைப் பசை போட்டு ஒட்டின இடங்கள் வருஷம் போகப் போக விட்டுடும். அதாவது எந்த 996ஆ இருந்தாலும் தண்ணி கண்டம் உண்டு.

25.
பதினாலாவது மாசம். ஹைவே. வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற நேரம். டெம்பரேச்சர் முள் ஏறுது, விளக்கு மின்னுது. அடுத்த எக்ஸிட் 4 மைல்.
அவன் நிறுத்தல. "நாலு மைல்தானே"ன்னு ஓட்டினான்.
அவனை நான் திட்டல. நெஞ்சு வலிக்கு கேஸ் மாத்திரை போட்டுட்டு விடியட்டும்னு காத்திருந்து வந்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். அந்த நேரத்துல மனுஷ மனசு அப்படித்தான் கணக்குப் போடும்.

26.
பம்ப் விசிறி உடைஞ்சு போயிருந்துச்சு. கூலன்ட் ஓட்டமே இல்லாம நாலு மைல். அலுமினியம் சிலிண்டர் ஹெட் சூட்டுல வெடிச்சு கூலன்ட்டும் ஆயிலும் கலந்துடுச்சு. ஆயில் மூடியைத் திறந்தா உள்ள பால் காபி நுரை மாதிரி இருந்துச்சாம்.
இன்ஜின் சரி பண்ண 16,000 டாலர்னாங்க. வண்டியை உதிரி பாகத்துக்காக ஒருத்தர் 7,000க்கு எடுத்துக்கிட்டார்.
உள்ள அந்தப் புது ஐ.எம்.எஸ். பேரிங் அப்படியே நல்லா இருந்துச்சு.

27.
24,000 + 1,150 + 3,600 + 900. அதுல 7,000 திரும்பி வந்துச்சு. மிச்சம் 22,650 டாலர் நஷ்டம். கடன் அட்டை வட்டி தனி.
பணத்தை விடுங்க. அன்னைக்கு ராத்திரிதான் அவன் வீட்டுல முழு உண்மையைச் சொன்னான். வண்டி போனதுக்கு அந்தப் பொண்ணு கோவப்படல. ஆறு மாசமா பில்லை மறைச்சதுக்குத்தான் பேசாம இருந்துச்சு. அது சரியாக ரொம்ப நாள் ஆச்சு. அவ்வளவுக்கும் 1,500 டாலர் வேலை ஒண்ணு தள்ளிப் போனதுதான் காரணம்.

28.
இப்ப சில பேர் வருவாங்க. "அதான் சொல்றோம், பழைய ஐரோப்பிய காரே வாங்காதீங்க. ஜப்பான் கார் வாங்குங்க."
நான் அந்தக் கட்சி இல்ல. மனுஷன் எல்லாத்தையும் லாபத்துக்கு வாங்குறது இல்ல. இந்த வண்டிகள்ல லட்சம் மைல் தாண்டியும் நல்லா ஓடிட்டு இருக்குறது எவ்வளவோ உண்டு. அந்த வண்டி அதிர்ஷ்டத்துல ஓடல. ஒருத்தர் பட்டியல் போட்டு, நேரத்துக்கு மாத்தி, பில்லை ஃபைல் பண்ணி வச்சதால ஓடுது.

29.
இன்னொரு கட்சி: "எல்லாத்தையும் வீட்டுலயே பண்ணிக்கலாம், வீடியோ இருக்கு." கை பழகினவங்களுக்கு உண்மைதான். வாட்டர் பம்ப், இக்னிஷன் காயில், பிளக் எல்லாம் வீட்டுலயே மாத்துறவங்க இருக்காங்க. ஆனா வாரக் கடைசியில நேரம் இருக்கா, வண்டியைத் தூக்கி நிறுத்த இடம் இருக்கா, திங்கக்கிழமை ஆபீஸ் போக வேற வண்டி இருக்கா? மூணுக்கும் ஆமான்னா தாராளமா பண்ணுங்க. இல்லன்னா லேபரையும் சேர்த்தே பட்ஜெட் போடுங்க.

30.
சரி, வாங்குறதுன்னே முடிவு பண்ணிட்டீங்க. என்ன பார்க்கணும்? நான் இப்ப எல்லாருக்கும் அனுப்புற பட்டியல்:
முதல்ல பில்லு. வாய் வார்த்தை வேண்டாம். ஐ.எம்.எஸ். மாத்தினதுன்னா எந்த பேரிங், எந்தத் தேதி, எத்தனை மைல்ல. வாட்டர் பம்ப், கூலன்ட் டேங்க் கடைசியா எப்போ. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஆயில் மாத்தினாங்களா.

31.
அடுத்து, அந்த மாடலை நல்லா தெரிஞ்ச ஒர்க்ஷாப்புல சோதனை. வித்தவர் காட்டுற கடையில வேண்டாம், நீங்களே தேடின கடையில. ஆயில் ஃபில்டரை அறுத்துப் பார்க்கச் சொல்லுங்க. மடிப்புகளுக்குள்ள உலோகத் துகள் மின்னினா அங்கேயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

32.
மேனுவல் கியர் வண்டின்னா இன்ஜின் கம்ப்யூட்டர்ல இருந்து ஓவர்-ரெவ் பதிவை எடுக்கச் சொல்லுங்க. நாலாவது கியருக்குப் பதிலா ரெண்டாவதுல போட்டு இன்ஜினை அளவுக்கு மீறி சுத்த விட்டிருந்தா, எத்தனை தடவை, இன்ஜின் ஓடின எத்தனாவது மணி நேரத்துலன்னு அதுல இருக்கும்.
சர்க்கரை நோயாளி "ஸ்வீட்டே தொடுறது இல்ல டாக்டர்"னு சொல்லலாம். மூணு மாச ஹெச்பிஏ1சி பொய் சொல்லாது. இதுவும் அப்படித்தான்.

33.
அப்புறம் சிலிண்டர் கீறல். ஐ.எம்.எஸ். அளவுக்குப் பேர் வாங்கலைன்னாலும் அதே அளவுக்கு ஆளைச் சாய்க்கிறது இது. சிலிண்டர் சுவர் உள்ள கீறிப் போகும். ஆயில் குடிக்கும், டிக் டிக்னு சத்தம் வரும், ரெண்டு சைலன்சர் குழாய்ல ஒண்ணு மட்டும் அதிகமா கரி பிடிச்சிருக்கும். குழாய் கேமரா விட்டு உள்ள பார்க்கணும், நாங்க எண்டோஸ்கோபி பண்ற மாதிரி. இது இருந்தா இன்ஜினைப் பிரிச்சு வேலை பார்க்கணும். 15,000 டாலருக்கு மேல எங்க நிக்கும்னு சொல்ல முடியாது.

34.
சின்ன விஷயங்கள்: டயர் தேதி. ஆறு இக்னிஷன் காயில், விரிசல் விட்டா மழை நாள்ல இன்ஜின் விக்கும். முன்னாடி சஸ்பென்ஷன் ஆர்ம் புஷ், வேகத்தடையில லொடலொடக்கும். கன்வர்ட்டிபிள்னா கூரைத் தண்ணி வடியுற ஓட்டை அடைச்சிருக்கான்னு பாருங்க. அடைச்சா தண்ணி உள்ள இறங்கி, சீட்டுக்கு அடியில இருக்குற அலாரம் பெட்டி நனைஞ்சு, வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. ஒவ்வொண்ணும் சில நூறு டாலர்தான். ஆனா ஒண்ணா வந்தா மாசச் சம்பளம்.

35.
பணத்துக்கு என் விதி ஒண்ணே ஒண்ணு. வண்டி விலையில நாலுல ஒரு பங்கை, வாங்குற அன்னைக்கே தனி அக்கவுண்ட்ல போட முடியணும். 24,000 டாலர் வண்டின்னா 6,000. அது கடன் அட்டை வரம்பு இல்ல, கையில இருக்குற காசு. அது இல்லன்னா அந்த வண்டி உங்க பட்ஜெட்ல இல்ல, 18,000 டாலர் வண்டி தேடுங்க.
வீட்டுல அந்த அக்கவுண்ட் பத்தித் தெரிஞ்சிருக்கணும். இதுவும் விதியோட பகுதிதான்.

36.
மெக்கானிக் பில்லுக்குக் கீழ எழுதுற அந்த ரெண்டு வரியைப் படிங்க. அவர் காசு பிடுங்கப் பார்க்குறார்னு சந்தேகம் இருந்தா இன்னொரு கடையில காட்டுங்க, தப்பில்ல. ஆனா கார் பைத்தியம் பிடிச்ச டாக்டர் அண்ணன்கிட்ட வாட்ஸ்அப்ல கேக்காதீங்க. வண்டியைத் தொட்டுப் பார்த்தவர் சொல்றதும் தொடாதவர் சொல்றதும் ஒண்ணு இல்ல. போன்ல அறிகுறி கேட்டு மாத்திரை சொல்ற சொந்தக்காரங்களை நான் எவ்வளவு திட்டியிருக்கேன்!

37.
முக்கியமா இது: டெம்பரேச்சர் விளக்கு எரிஞ்சா ஓரமா நிறுத்தி இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. எக்ஸிட் எவ்வளவு பக்கத்துல இருந்தாலும் சரி. இழுத்துட்டுப் போற வண்டிக்கு 200 டாலர் அழுங்க. சூடா இருக்கும்போது கூலன்ட் மூடியைத் திறக்காதீங்க, முகம் வெந்துடும். அதையும் நாங்க கேஷுவாலிட்டியில பார்க்குறோம்.

38.
இங்க தமிழ்நாட்டுல இருக்குறவங்களுக்கும் ஒரு வார்த்தை. நமக்கு 996 கிடைக்காது. ஆனா புது ஹேட்ச்பேக் விலைக்குப் பன்னெண்டு வருஷ ஜெர்மன் சொகுசு கார் கிடைக்குது. கணக்கு அதேதான். விலை இறங்கியிருக்கும், ஸ்பேர் விலை இறங்கியிருக்காது. யூடியூப்ல அந்த மாடலோட பேர் போன கோளாறு எதுன்னு பார்த்துட்டு, அது மட்டும் இல்லன்னு தெரிஞ்சதும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

39.
போன வாரம் தம்பி திரும்ப ஒரு போட்டோ அனுப்பினான். 2003 கரேரா. லட்சம் மைல் ஓடினது. சந்தை விலையை விட 5,000 டாலர் அதிகம் கேக்குறாங்க. கூடவே இன்னொரு போட்டோ: ரெண்டு பெரிய ஃபைல், உள்ள இருபது வருஷ பில்லு, தேதி வாரியா.
அதுக்குக் கீழ: "வீட்டுல சொல்லிட்டேண்ணா. அவதான் ஃபைலைப் பார்த்துட்டு உங்ககிட்ட கேக்கச் சொன்னா."

40.
காரோட போட்டோவை நான் இன்னும் பெருசு பண்ணிப் பார்க்கல. அவனுக்கு எழுதின பதில் இதுதான்: "விலை பரவாயில்ல டா. அந்த ஃபைல்ல வாட்டர் பம்ப் பில்லு எந்த வருஷம்னு முதல்ல பார்த்துச் சொல்லு. அப்புறம் ஒர்க்ஷாப்புல காட்டு. அவர் என்ன சொல்றாரோ அதைக் கேளு, என்னைக் கேக்காத."
உங்களுக்கும் அதேதான். இன்பாக்ஸ்ல கார் போட்டோ அனுப்பாதீங்க, பில்லு போட்டோ அனுப்புங்க.